ரிம் கழுவ அசிட்டா, ஊதா மருந்தா, ஷாம்பூவா? நம்ம மலைநாட்டு ரோட்டுக்கு எது சரிவரும்

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு, கண்டி கிட்டத்தட்ட 500. ரம்பொடை வழியா எறங்குற கார் பாதி தூரம் பிரேக்க அமுக்கிட்டேதான் போகும், அதான் நம்ம பக்கத்துக் காருங்களுக்கு முன்பக்க அலாய் ரிம் ரெண்டும் சீக்கிரமே கறுத்துப்போகுது. அது வெறும் தூசி இல்ல. பிரேக் டிஸ்க்கும் பேடும் உரசி சூடா பறக்குற இரும்புத்தூள், கிளியர் கோட்ல (ரிம்முக்கு மேல இருக்கிற நெறமில்லாத பூச்சு) ஒட்டிக்கும், மேல மழையும் பனியும் பட்டா அங்கேயே துருப்பிடிச்சு பழுப்புப் புள்ளியா நின்னுரும்.

சில எடத்துல காரோட பொடி (பாடி) வாஷ் பண்றப்போ அசிட் கலந்த தண்ணிய தெளிச்சு "பாருங்கண்ணே, புதுசு மாதிரி"ன்னுவாங்க. அன்னைக்கு மினுங்கும், உண்மைதான். ஆனா அலுமினியத்துக்கு அசிட்டும் ஆகாது காஸ்டிக் சோடாவும் ஆகாது, ரெண்டுமே அரிக்கும். கிளியர் கோட் முழுசா இருக்குறவரைக்கும் தப்பிச்சிரலாம், கல்லடிச்ச எடம், மதகுல உரசின எடம் வழியா உள்ள போச்சுன்னா வெள்ளையா பூத்துரும், அது எந்தப் பொலிஷுக்கும் போகாது. ஹைட்ரோஃப்ளோரிக் அசிட் உள்ள கிளீனர் இன்னும் மோசம், தோல்ல பட்டா சில நேரம் உடனே எரியக்கூட எரியாது, உள்ள எறங்கி எலும்பையே பாதிக்கும். கையுறை இல்லாம கழுவுற பையனுங்களப் பார்த்தா ரிம் கவலையே மறந்துபோகுது. அசிட் பக்கமே போகாதீங்க.

அயர்ன் ரிமூவர்னு விக்கிற ஊதா மருந்து வேற சாமான். அதுல இருக்கிறது தயோகிளைக்கோலேட், சலூன்ல முடி சுருட்டுற மருந்துலயும் இதே குடும்பந்தான், அதனால நாத்தமும் அப்படித்தான் அழுகின முட்டை கணக்கா கெளம்பும். இரும்புத்தூள் பட்ட எடமெல்லாம் ஊதாவா வழியும், பாக்க ரத்தம் வடியிற மாதிரி பயங்கரமா இருக்கும், பெயின்ட் கரையுதுன்னு நெனச்சிராதீங்க. மொதல்ல தோட்டத்து ரோட்டு செம்மண்ண தண்ணியடிச்சு எடுத்துட்டு, ரிம் ஆறினதுக்கப்புறம் அடிங்க, சில நிமிஷம் விட்டு காயிறதுக்கு முன்னாடி கழுவிருங்க. எறக்கம் எறங்கின கையோட அடிச்சா மருந்து சூட்டுல காஞ்சு கறை விட்டுரும். ஒரு விஷயம், ரோட்டுத் தாருக்கு இது கேக்காது.

விலை கூடுன சாமான், வாராவாரம் ஊத்த வசதி இருக்கணும்ல. வாரத்துக்கு கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷ்ஷும் போதும், புள்ளி விழ ஆரம்பிச்சாத்தான் ஊதா மருந்து. சட்டிபானை கழுவுற லிக்விட் அழுக்க எடுக்கும், கூடவே நீங்க பூசுன வேக்ஸையும் எடுத்துரும்.

பூசுறதுன்னு வந்தா கார்னோபா வேக்ஸ் கார் பொடிக்கு அழகு, ரிம்முக்கு வீண். 80 டிகிரிய கொஞ்சம் தாண்டினாலே உருகுற சாமான், நம்ம எறக்கத்து பிரேக் சூட்டுக்குப் பக்கத்துல எத்தனை நாளைக்கு நிக்கும்? ஸ்ப்ரே சீலன்ட், அதாவது தெளிச்சுப் பூசுற பாதுகாப்புப் பூச்சு, சில மாசம் தாங்கும், கழுவி தொடச்சு அஞ்சு நிமிஷத்துல அடிச்சிரலாம். என் ஓட்டு அதுக்குத்தான்.

செராமிக் கோட்டிங் அதவிட நல்லா ஒழைக்கும், மறுக்கல. ஆனா பூசுனதுக்கப்புறம் ஒரு நாளாவது தண்ணி படக்கூடாது. தென்மேல் பருவத்துல ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் அப்படி ஒரு நாளுக்கு எங்க போறது? பண்டாரவளை, பதுளைப் பக்கம் அந்த மாசங்கள்ல மழை கம்மி, வெயில்தான், அங்க உள்ளவங்க தைரியமா பூசலாம். இன்னொண்ணு, 2020ல வாகன எறக்குமதிய நிப்பாட்டி 2025லதான் தொறந்தாங்க, அதனால நம்மகிட்ட ஓடுறதுல நெறைய பழைய ரிம்தான். அடியில அரிச்சிருக்கிற ரிம்முக்கு செராமிக் போடுறது ஊத்தைக்கு மேல கண்ணாடி பதிக்கிற வேலை, அந்தக் காசுக்கு பவுடர் கோட்டிங் (பெயின்ட் தூள தூவி சூட்டுல உருக்கி ஒட்டுறது) பண்ணிறலாம்.

இதெல்லாம் வந்த தூச எடுக்குற கதை. தூச கொறைக்கணும்னா எறக்கத்துல ரெண்டாம் கியர்ல விடுங்க, டொயோட்டா அக்வா மாதிரி ஹைபிரிட்னா கியர் லீவர பி-யில (எஞ்சினே வேகத்தப் புடிக்கிற நெலை) போடுங்க. அடுத்த தடவ பேட் மாத்துறப்போ செமி மெட்டாலிக்குக்குப் (உலோகத்தூள் கலந்த பேட்) பதிலா செராமிக் பேட் கெடைக்குதான்னு கேளுங்க, தூசி கம்மி, நெறமும் வெளிறி இருக்கும், அவ்வளவா ஒட்டாது. சாமான் ஏத்தி எறக்கம் எறங்குற வேனுக்கு மட்டும் இத நீங்களா முடிவெடுக்காம மெக்கானிக்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.