ஐடிலிங்கில் பெட்ரோல் அழுத்த முள் 3 பாரில் நிற்கிறது என்பதை நம்பி 1,86,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள்

இன்று காலை என் காரின் பெட்ரோல் டேங்க்குக்குள்ளிருந்து எட்டு சென்டிமீட்டர் நீள ரப்பர் குழாய் ஒன்றை என் கண்முன்னே வெளியே எடுத்தார்கள். அது பெட்ரோலில் ஊறிப் பருத்து, விரலால் அழுத்தினால் குழியும் பதத்தில் இருந்தது. நீளவாக்கில் ஒரு வெடிப்பும் இருந்தது. இந்தக் குழாயைப் பொருத்திய பட்டறைக்குத்தான் நான்கு மாதங்களில் நான் 1,86,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பலனாக ஒரு பிஸ்டனையும் இழந்திருக்கிறேன். நேற்று அந்தப் பட்டறைக்குப் பணம் கேட்கப் போனபோது அங்கே இன்னும் இரண்டு டர்போ வண்டிகள் பானெட் திறந்தபடி நின்றுகொண்டிருந்தன. அதனால்தான் நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப்போடாமல் இன்றே எழுதுகிறேன்.

பட்டறையின் பெயரை எழுதவில்லை. கோவையில் டர்போ வண்டிகளுக்கு ரீமேப் (இன்ஜின் கணினியின் மேப் என்னும் நிரலை மாற்றுவது), பெரிய இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்), எக்ஸாஸ்ட் மாற்றம் போன்ற வேலைகளைச் செய்து, ஒவ்வொரு வேலையையும் அழகாகப் படம் பிடித்துப் போடும் வகையைச் சேர்ந்த இடம் என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

என்னுடையது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். கம்பெனியிலிருந்து வரும்போது 150 குதிரைத்திறன். எனக்கு முன் வைத்திருந்தவர் ரீமேப் செய்து, டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தமான பூஸ்ட்டை 1.1 பார் (பார் என்பது அழுத்த அலகு) வரை ஏற்றியிருந்தார், அப்படியே இரண்டு ஆண்டுகள் குறையில்லாமல் ஓடியது. பிறகு மூன்றாவது, நான்காவது கியரில் முழுதாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் வண்டி முக்கி முனகத் தொடங்கியது. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. ஸ்கேனரில் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு (லீன்) என்ற குறியீடு, எப்போதாவது வந்து போகும். பெட்ரோல் அழுத்தத்தில் ஏதோ கோளாறு என்று எனக்கே தோன்றியதால்தான் இதில் கைதேர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோனேன்.

நான் ஏமாந்த அந்த நொடியை விவரமாகச் சொல்ல வேண்டும். உரிமையாளர் தாமே வந்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயில் என்ற குழாயில் அழுத்தம் காட்டும் ஒரு கேஜை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் வாக்கியூம் ஹோஸைக் கழற்றி, முள்ளைக் காட்டினார். முள் சரியாக 3 பாரில் நின்றது. ஹோஸை மாட்டியதும் 2.5க்கு இறங்கியது. "பாருங்க சார், ரெகுலேட்டர் வேலை செய்யுது, பிரஷர் இருக்கு. பம்ப்தான் வயசாயிடுச்சு. வண்டிய நம்மகிட்ட விட்டுட்டு நிம்மதியாப் போங்க" என்றார். கேஜை எடுத்து மாட்டிக் காட்டும் அளவுக்குப் பொறுமை உள்ள மனிதர் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். அவர் காட்டிய அளவு உண்மைதான். ஆனால் அந்த அளவு என் வண்டியின் கோளாறைப் பற்றி எதையுமே சொல்லாது என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஏன் சொல்லாது என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனெனில் இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் என் பணம் தப்பித்திருக்கும். இவ்வகை வண்டிகளில் ரெகுலேட்டர், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்து அதற்கு இணையாகப் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அடிப்படை 3 பார் என்றால், 1.1 பார் பூஸ்ட் வரும்போது ரெயிலில் 4.1 பார் இருந்தாக வேண்டும். அப்போதுதான் இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையே அதே 3 பார் வித்தியாசம் நிலைக்கும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, இன்ஜின் குடிப்பது சொற்பப் பெட்ரோல் என்பதால், பாதி செத்த பம்ப்கூட 3 பாரைக் காட்டிவிடும். அழுத்தமும் கூட வேண்டும், அளவும் கூட வேண்டும் என்ற நிலை முழு பூஸ்ட்டில்தான் வருகிறது. அந்த நேரத்தில் ரெயில் 4.1க்குப் பதிலாக 3.1இல் தங்கிவிட்டால் வித்தியாசம் 2 பாராகக் குறைகிறது. இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் ஏறக்குறைய 18 சதவீதப் பெட்ரோல் குறைந்துபோகும். பூஸ்ட்டில் 12இல் இருக்க வேண்டிய காற்று-பெட்ரோல் விகிதம் 14.7க்கு ஏறிவிடும். முழுச் சுமையில் அந்த விகிதத்தில் ஓடும் டர்போ இன்ஜின் நாக் அடித்து (கலவை நேரம் தப்பி வெடித்து) பிஸ்டனைத் தின்றுவிடும். ஆகவே சோதனை என்பது சுமையில்தான் நடக்க வேண்டும்: நீண்ட ஹோஸில் கேஜை மாட்டி, அதைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பரின் அடியில் டேப் போட்டு ஒட்டி, ஒருவர் ஓட்ட இன்னொருவர் பூஸ்ட்டையும் முள்ளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டறை நான்கு மாதங்களில் ஒருமுறைகூட அதைச் செய்யவில்லை.

செய்ததெல்லாம் பில் போட்டதுதான். முதலில் மணிக்கு 255 லிட்டர் தரும் பம்ப் என்று 22,000 ரூபாய். பம்ப் போட்டும் முக்கல் நிற்காததால், கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ரெகுலேட்டர் என்று 19,000. அதோடு ஃபில்டரும் ஹோஸ்களும் 8,000. அப்போதும் தீராததால் இன்ஜெக்டர் சிறியது என்று நான்குக்கும் 58,000, இன்ஜெக்டர் மாறியதால் கட்டாயம் என்று புதிய மேப்புக்கு 45,000, இவை அத்தனைக்கும் கூலி 34,000. கூட்டினால் 1,86,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் "இதோட முடிஞ்சுது சார்" என்றுதான் சொன்னார்கள்.

அந்த மேப்பை நினைத்தால்தான் எனக்கு அதிகம் எரிகிறது. அழுத்தம் விழுவதைச் சரிசெய்யாமல், விழும் இடத்தில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டி, குறையை மேப்பால் மூடியிருக்கிறார்கள். டைனோவில் (வண்டியை உருளை மேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவியில்) குளிர்ந்த வண்டி, நிறைந்த டேங்க், ஓரிரு ஓட்டம் என்பதால் விகிதம் அழகாக வந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் கடைசித் தவணையை வாங்கினார்கள். அப்படி மூடிய குறை, அழுத்தம் இன்னும் கொஞ்சம் விழுந்ததும் மேப் எதிர்பார்த்த எல்லையைத் தாண்டிவிடும். பெருந்துறை தாண்டி, மதிய வெயிலில், ஒரு லாரியை முந்தும்போது அதுதான் நடந்தது. ஒரு தடதடப்பு, பிறகு சைலன்சரில் நீலப் புகை. மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு, 4 பாருக்கும் கீழே இருந்தது, மற்ற மூன்றிலும் 10க்கு மேல். ரெக்கவரி வண்டிக்குக் கொடுத்த 6,500ஐயும் இன்ஜினைப் பிரித்துக் கட்ட ஆகப்போகும் செலவையும் நான் 1,86,000இல் சேர்க்கவில்லை.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் தட்டிக்கழிப்பு. முதல் நாள் உரிமையாளர், "பங்க்ல இப்ப எல்லாம் இ20 பெட்ரோல்தான் சார், அதுனாலதான் லீன் ஆகுது" என்றார். 10 சதவீத எத்தனாலிலிருந்து 20 சதவீதத்துக்குப் போனால் கூடுதலாக 4 சதவீத அளவுக்குப் பெட்ரோல் தேவைப்படும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் மேப் போட்ட நாளிலும் என் டேங்க்கில் இருந்தது அதே இ20 தானே என்று கேட்டதும் பேச்சு மாறியது. இரண்டாம் நாள் நான் ஓட்டிய விதம் சரியில்லை என்றார்கள். மூன்றாம் நாளிலிருந்து உரிமையாளர் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. டைனோ ஓட்டத்தின் பதிவுகளையாவது அனுப்புங்கள் என்று கேட்டதற்கு, அது தங்கள் தொழில் ரகசியம் என்று மேலாளர் பதில் அனுப்பினார். நேரில் போனபோது வரவேற்பில் இருந்த இளைஞர், பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த "மாற்றம் செய்த வண்டிகளுக்கு உத்தரவாதம் இல்லை" என்ற வரியைத் திருப்பிக் காட்டினார். அத்தனை பணத்தையும் எண்ணி வாங்கிய கைகளில் ஒன்றுகூட அந்த வரியை முன்பு எனக்குக் காட்டியதில்லை. நேற்று உரிமையாளரே வெளியே வந்து, "நீங்களே சட்டத்துக்கு விரோதமா வண்டிய மாத்தி வச்சிருக்கீங்க, கேஸ் போட்டா உங்களுக்குத்தான் பிரச்சனை" என்று அமைதியாகச் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதை அறிந்துதான் சொல்கிறேன், அந்த மாற்றத்தைச் செய்து பணம் வாங்கிய வாயிலிருந்தே அந்த மிரட்டல் வந்தது.

இன்று காலை, பந்தய வண்டிகளுக்கு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்ததை எழுதுகிறேன். இன்ஜின் ஓடாத நிலையிலேயே அவர் சோதித்தார். பம்புக்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலேயை ஜம்பர் வயர் போட்டு இணைத்துப் பம்பை மட்டும் ஓட்டி, மிஞ்சிய பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸை அளவுக் குடுவையில் விட்டு, 30 வினாடியில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தார். இன்ஜின் குடிக்காதபோது பம்ப் தருவது முழுதும் ரிட்டர்னில்தான் வர வேண்டும். 255 லிட்டர் பம்ப் என்றால் 3 பாரில் 2 லிட்டரை ஒட்டி வர வேண்டிய இடத்தில் 900 மில்லிதான் வந்தது. அடுத்து ரெகுலேட்டரின் வாக்கியூம் முனையில் கேஜ் வைத்த சைக்கிள் பம்பை மாட்டி 1.1 பார் காற்றை ஏற்றினார். அதாவது நின்ற இடத்திலேயே பூஸ்ட்டைக் கொடுத்தார். முள் 4.1க்குப் போகாமல் 3.6இல் நின்றுவிட்டது, ரிட்டர்னில் நூல் போல ஒழுகியது. ரெகுலேட்டர் அடைக்கப் பார்க்கிறது, அனுப்பப் பெட்ரோல் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மாற்றிய ரெகுலேட்டரும் இன்ஜெக்டர்களும் தேவையே இல்லாதவை.

பிறகு ஒவ்வொன்றாக விலக்கினார். ஃபில்டரைத் தவிர்த்துத் தற்காலிக ஹோஸ் போட்டதும் அளவு 1.2 லிட்டராக உயர்ந்தது. கழற்றிய ஃபில்டரின் உடலில் 2016 என்று தயாரிப்பு ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறது. அதை மாற்றியதாகத்தான் எனக்குப் பில் போட்டிருக்கிறார்கள். அதை அறுத்துப் பார்த்தபோது மடிப்புகளுக்குள் பழுப்புச் சேறு அப்பியிருந்தது. முதல் முக்கலுக்குக் காரணமே இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நண்பர் சொல்கிறார். அந்த ஃபில்டரின் விலை ஆயிரம் ரூபாய்ச் சொச்சம்! அடுத்து பம்ப்பின் கனெக்டரிலேயே மின்னழுத்தத்தை அளந்தார்: பேட்டரியில் இருப்பதைவிடப் பம்ப்பில் மிகவும் குறைவாக இருந்தது. பழைய சிறு பம்ப்புக்காகப் போட்ட மெல்லிய வயரிலேயே அதிக மின்சாரம் இழுக்கும் புதிய பம்ப்பை ஓட்டியிருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் கொடுத்ததும் 1.4 லிட்டர். கடைசியாகப் பின்சீட்டைத் தூக்கிப் பம்பை வெளியே எடுத்தபோதுதான் அந்தக் குழாய் கையில் வந்தது. டேங்க்குக்குள் உள்ளும் புறமும் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கத் தனி வகை ஹோஸ் போட வேண்டும். சாதாரணப் பெட்ரோல் ஹோஸின் வெளிப்பூச்சு அதைத் தாங்காமல் ஊறி வெடிக்கும். அழுத்தம் குறைவாக இருக்கும்வரை வெடிப்பு மூடிக்கிடக்கிறது, கூடியதும் திறந்து பெட்ரோலை டேங்க்குக்கே திருப்பிவிடுகிறது. ஐடிலிங்கில் முள் ஒழுங்காக நின்றதன் காரணம் புரிகிறதா? சரியான ஹோஸ் மாட்டியதும் அளவு 1.8 லிட்டராகி, சைக்கிள் பம்ப் காற்றில் முள் 4.1ஐத் தொட்டது. பம்ப்பின் உடலில் தயாரிப்பாளர் முத்திரையோ வரிசை எண்ணோ எதுவும் இல்லை என்பதையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

எப்படித் தப்பிக்கலாம் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், ஆனால் இப்போது கை நடுங்குகிறது. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சுமையில் அளந்து காட்டாத எவருக்கும் உதிரிபாகம் வாங்கப் பணம் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பில்லைத் தீர்க்காதீர்கள். நான் கேட்டிருந்தால் ஃபில்டர் பொய் அன்றே வெளிப்பட்டிருக்கும். அழுத்தம் சரியாகும் முன் மேப்பைத் தொடவிடாதீர்கள். பூஸ்ட்டில் முக்கினால் உடனே காலை எடுங்கள், இன்னொரு முறை மிதித்துப் பார்க்காதீர்கள். குடுவையில் பெட்ரோல் அளப்பதை வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள், தீயணைப்பான் இல்லாமல் செய்யவே செய்யாதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் இன்று மதியம் புகாரைப் பதிந்துவிட்டேன். ஃபில்டரும் குழாயும் பம்பும் தனித்தனிப் பைகளில் தேதி எழுதி ஒட்டப்பட்டு என் மேசையில் இருக்கின்றன. 1,86,000 ரூபாய்க்கான ஆறு பில்களின் நகல்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களின் அச்சுப்பிரதிகளையும் நாளை காலை எடுத்துக்கொண்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதத் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறேன். இதே வகைப் பட்டறையில் இதே போல் பம்ப் மாற்றியவர்கள் இருந்தால், தயவுசெய்து இன்றே பின்சீட்டைத் தூக்கி அந்தக் குழாயைப் பாருங்கள்.