கணினி வாங்க: நிறுவனத்திடம் நேரடியாகவா, ரிச்சி தெரு டீலரிடமா?

மயிலாப்பூரில் உள்ள எங்கள் சிறிய தணிக்கை அலுவலகத்தில் எட்டுக் கணினிகள் இருக்கின்றன. நான்கை உற்பத்தி நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக வாங்கினோம். மற்ற நான்கை, அதே நிறுவனத்தின் பொருள்களை விற்கும் டீலர் ஒருவரிடம், சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினோம். மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, இனி டீலரிடமே வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இணையதளத்தில் பண்டிகைத் தள்ளுபடியும் வட்டியில்லாத் தவணையும் உண்டு. டீலர் முப்பது நாள் கடன் தருகிறார். ஜிஎஸ்டி எண்ணுடன் பில் வாங்கினால், கட்டிய 18 சதவீத வரியை நாம் செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரவு இரு வழியிலும் கிடைத்துவிடும். வாரண்டியிலும் வேறுபாடு இல்லை; அது கணினியின் வரிசை எண்ணைச் சார்ந்தது, வாங்கிய இடத்தை அல்ல.

வேறுபாடு தெரிவது, கணினி பழுதாகும் நாளில்தான். வருமான வரிக் கணக்குத் தாக்கல் நெருக்கும் ஜூலைக் கடைசி வாரத்தில், நேரடியாக வாங்கிய கணினி ஒன்றின் மதர்போர்டு போனது. தொலைபேசியில் புகார் பதிந்து, அவர்கள் சொன்ன சோதனைகளையெல்லாம் நாங்களே செய்து காட்டி, உதிரிபாகம் வந்து சேர்ந்து, பொறியாளர் வந்தது ஐந்தாம் நாள். அதுவரை ஓர் ஊழியர் வேலையின்றி உட்கார்ந்திருந்தார். மறு ஆண்டு, டீலரிடம் வாங்கிய கணினிக்கும் அதே கோளாறு வந்தபோது, அவருடைய ஆள் அன்று மாலையே மாற்றுக் கணினியுடன் வந்து, எங்கள் கோப்புகளெல்லாம் பதிந்திருக்கும் எஸ்எஸ்டியைப் பழையதிலிருந்து எடுத்து அதில் பொருத்திக் கொடுத்தார். புகாரையும் அவரே பதிந்து, பழுது நீங்கும்வரை தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பொறியாளர் வர இம்முறையும் நான்கு நாள் ஆயிற்று. ஆனால் எங்கள் வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

இந்த உதவிக்கான செலவு டீலரின் லாபத்திலிருந்தே வருகிறது. நிறுவனம் நேரடியாக விற்கத் தொடங்கும்போது குறைவது அந்த லாபம்தான். நாங்கள் டீலரிடம் கொட்டேஷன் வாங்கிய மறுவாரமே, நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் அழைத்து, அதைவிடக் குறைந்த விலை சொன்னார். தேவையைக் கேட்டறிந்து, ஏற்ற மாடலைப் பரிந்துரைத்தவர் டீலர் என்பதால், அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் போட்டி புதிதன்று. டீலர்களை நம்பி வளர்ந்த அமெரிக்கக் கணினி நிறுவனமான காம்பேக் 1998-இல் நேரடி விற்பனைக்கு இறங்கியது. 1984-இல் தொடங்கி நேரடி விற்பனையாலேயே பெயர்பெற்ற டெல், 2007-இல் கடைகளையும் டீலர்களையும் நாடி வந்தது. ஆப்பிள் 2020-இல் இந்தியாவில் சொந்த இணையக் கடையைத் திறந்தது. 2023-இல் மும்பையிலும் டெல்லியிலும் சொந்தக் கடைகளைத் திறந்தது.

நூறு கணினிகளும் சொந்தத் தொழில்நுட்ப ஊழியர்களும் உள்ள நிறுவனத்துக்கு நேரடி வழியே ஏற்றதாக இருக்கலாம்; எங்கள் அனுபவம் எட்டுக் கணினிகளோடு நிற்கிறது. எல்லா டீலர்களும் எங்களுடையவரைப் போல் இருப்பார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. யாரிடம் வாங்கினாலும், வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் அன்றே சரிபாருங்கள். கணினி டீலரின் கிடங்கில் கிடந்த நாள்களும் சில சமயம் வாரண்டியில் கழிந்திருக்கும், பில்லைக் காட்டினால் தேதியைத் திருத்தித் தருவார்கள்.