மஸ்கட்டிலிருந்து மடிப்பாக்கத்துக்கு: வீட்டுச் சாமான்களைச் சுங்கத்தில் எடுத்த அனுபவம்

2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நான் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் சென்னை சென்றிருந்தேன். மஸ்கட்டில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அத்தானும் அக்காவும் அப்போதுதான் மடிப்பாக்கத்தில் கட்டிவைத்திருந்த வீட்டுக்கு ஒரேயடியாகத் திரும்பியிருந்தார்கள். கட்டில்கள், பீரோ, சாப்பாட்டு மேசை, சோபா, பாத்திரங்கள், புத்தகங்கள் என்று ஒரு குடும்பத்தின் சாமான்கள் முழுவதும் இருபது அடி கன்டெய்னர் ஒன்றில் கப்பலேறியிருந்தன. அத்தானுக்கு முழங்கால் வலி. அலைச்சல் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அதனால் என் விடுப்பில் பெரும்பகுதி தம்பு செட்டித் தெருவுக்கும் ராஜாஜி சாலைக்கும் கன்டெய்னர்களை வைத்துப் பரிசோதிக்கும் மணலிப் பக்கத்துச் சரக்கு நிலையத்துக்கும் இடையே கழிந்தது.

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் அஞ்சுவது சுங்க வரியைத்தான். எங்கள் கையைக் கடித்தது வரி அன்று. வரி எவ்வளவு வரும் என்பதை விதியைப் படித்தே முன்கூட்டிக் கணக்கிட்டுவிட முடிந்தது. கணக்கிட்ட தொகைதான் கடைசியில் வந்தது. கப்பல் முகவரும் சரக்கு நிலையமும் போட்ட கட்டணங்களோ எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாதவை. நாள் ஏற ஏற அவையும் ஏறிக்கொண்டே போயின. இந்த வேறுபாட்டை முன்பே அறிந்திருந்தால் திட்டமிடுவது எளிது.

முதலில் விதி. அப்போது நடப்பில் இருந்தது 2016 ஏப்ரல் 1 முதல் அமலான பயணப் பொதி விதிகள். இங்கே சொல்லும் வரம்புகளும் நிபந்தனைகளும் அந்த விதிகளில் இருந்தவை. வெளிநாட்டில் வேலை செய்துவிட்டுக் குடியிருப்பை இந்தியாவுக்கு மாற்றிக்கொள்பவர்களுக்கு அதில் தனிச் சலுகை இருந்தது; ‘டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடன்ஸ்’ என்ற அதன் பெயரைச் சுங்கத் தரகர்கள் ‘டி.ஆர்.’ என்று சுருக்கிச் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்தவருக்கு 5,00,000 ரூபாய் மதிப்பு வரையிலான வீட்டுச் சாமான்களுக்கு அப்போது வரி இருக்கவில்லை. ஓராண்டு இருந்தவருக்கு 2,00,000 ரூபாய். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இருந்தவருக்கு 1,00,000. மூன்று முதல் ஆறு மாதம் வரை என்றால் 60,000. இதில் கணக்கில் வருவது சாமான் பழையதான பிறகு அதற்குள்ள மதிப்பு. கடையில் வாங்கிய நாளின் விலை அன்று. பத்து ஆண்டு உட்கார்ந்த சோபாவுக்கு என்ன மதிப்பு இருந்துவிடப் போகிறது? சாதாரணக் குடும்பத்தின் மரச்சாமான்கள் ஐந்து லட்சத்துக்குள் தாராளமாக அடங்கிவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் இரண்டு ஆண்டு வரம்போடு சேர்ந்துள்ள நிபந்தனைதான். திரும்புவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்துபோன குறுகிய பயணங்களின் மொத்த நாட்கள் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இதே சலுகையைப் பெற்றிருக்கவும் கூடாது. ஓய்வு நெருங்கும் காலத்தில்தான் பெற்றோரின் உடல்நலம், பிள்ளையின் திருமணம், வீடு கட்டும் வேலை என்று மனிதர்கள் ஊருக்கு அடிக்கடி ஓடிவருகிறார்கள். அத்தானும் தம் தாயாரின் மருத்துவத்துக்காக அடுத்தடுத்து வந்துபோயிருந்தார். தரகர் முதலில் கேட்டதே அவருடைய கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களின் நகலைத்தான். இந்தியக் குடிவரவு முத்திரைகளை வரிசைப்படுத்தி, உள்ளே வந்த நாள், வெளியேறிய நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது ஆறு மாதத்துக்குச் சில வாரங்கள் குறைவாகவே இருந்தது. அந்தத் தாளை அப்படியே விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டோம். தானியங்கி வாயில்கள் வந்துவிட்ட நாடுகளில் இப்போது கடவுச்சீட்டில் முத்திரையே விழுவதில்லை என்பதால் இந்திய முத்திரைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பழைய கடவுச்சீட்டு காலாவதியாகிப் புதியது எடுத்திருந்தால் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தங்கிய காலத்தில் இரண்டு மாதம் வரை குறைந்தால், தக்க காரணம் இருக்கும்போது துணை ஆணையரோ உதவி ஆணையரோ அதைப் பொறுத்துக்கொள்ள விதியில் இடம் இருந்தது. ஊர்ப் பயண நாட்கள் வரம்பை மீறியிருந்தால் ஆணையர் வரை போக வேண்டியிருந்தது.

அடுத்தது தேதிகள். துணையில்லாப் பொதியாக, அதாவது பயணியோடு வராமல் தனியே வரும் சாமான், பயணி வந்து இறங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு வரை வந்து சேரலாம். பின்னர் அனுப்புவதானால் அவர் வந்த ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். இரண்டு மாதம் முன்பே வரலாம் என்று விதி தாராளமாகச் சொன்னாலும், அந்தச் சலுகையை நம்பிச் சாமானை முந்தி அனுப்புவது புத்திசாலித்தனம் அன்று என்பது என் கருத்து. பொதிக்குரியவர் தாமே அறிவிப்பு அளித்தால்தான் அதை எடுக்க முடியும். அவர் வந்து சேரும் வரை கன்டெய்னர் தினமும் வாடகை தின்றுகொண்டு கிடக்கும். மேலும் சுங்கச் சட்டம் 1962இன் 48ஆம் பிரிவின்படி, இறக்கிய 30 நாட்களுக்குள் எடுக்கப்படாத சரக்கை அறிவிப்புக் கொடுத்து விற்கவும் வழி உண்டு. அத்தான் முதலில் வந்து, வீட்டைத் திறந்து பெருக்கி வைத்த பிறகே கப்பல் வந்தது. அதுவே சரியான வரிசை. மஸ்கட் நகரத் துறைமுகத்தின் சரக்குப் போக்குவரத்து 2014இல் சொஹாருக்கு மாற்றப்பட்டுவிட்டதால் சாமான்கள் சாலை வழியாகச் சொஹார் போய் அங்கிருந்துதான் கப்பலேற வேண்டும். இடையில் வேறொரு துறைமுகத்தில் கப்பல் மாறும் நாட்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கப்பல் வந்தும் வேலை உடனே தொடங்கவில்லை. தமிழர்களுக்கென்றே வாய்த்த சிக்கல் ஒன்று குறுக்கே வந்தது. அத்தானின் கடவுச்சீட்டில் அவர் தந்தையார் பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. சரக்குச் சீட்டைத் (பில் ஆஃப் லேடிங்) தயாரித்த கப்பல் முகவரோ, அவர் அனுப்பிய கடவுச்சீட்டு நகலைப் பார்க்காமல், அலுவலகக் கடிதத்தில் கண்டபடி முன்னெழுத்தை மட்டும் போட்டுப் பெயரை அச்சிட்டிருந்தார். அதே பெயர் கப்பலின் சரக்குப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அதைத் திருத்தச் சுங்கத்தில் விண்ணப்பிக்க வேண்டியது முகவரின் பொறுப்பு. ஆனால் அந்த அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்த விடை, “மஸ்கட்ல இருந்து மெயில் வரட்டும் சார்” என்பதே. மெயில் வருவதற்குள் ஒரு வார இறுதி கழிந்தது. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, இங்கே ஞாயிறு விடுமுறை. ஆக மூன்று நாட்கள் எந்த இருக்கையிலும் ஆள் இல்லை. திருத்தக் கட்டணத்தையும் எங்கள் கணக்கிலேயே எழுதினார்கள். தவறு யாருடையது என்று கேட்டதற்கு, முதலில் கட்டிவிட்டுப் பிறகு எழுதிக் கேளுங்கள் என்றார்கள். இன்றுவரை பதில் இல்லை. சரக்குச் சீட்டின் வரைவு கைக்கு வந்ததும் பெயரை எழுத்தெழுத்தாகக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், சாமான் விவரத்தில் ‘பயன்படுத்திய வீட்டுச் சாமான்கள்’ என்று தெளிவாக இருப்பதை உறுதி செய்வதும் கப்பல் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலைகள். கிளம்பிய பிறகு ஒவ்வோர் எழுத்துக்கும் விலை உண்டு.

இதற்கு மாறாக, சுங்க அலுவலகத்தில் நான் எதிர்பார்த்ததைவிட வேலை சீராக நடந்தது. பரங்கிமலையில் மின்ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் ராஜாஜி சாலையிலேயே சுங்க இல்லம். கடவுச்சீட்டு அசல், சரக்குச் சீட்டு, பொதி அறிவிப்புப் படிவம், வேலையிலிருந்து விடுவித்த கடிதம், குடியிருப்பு விசா ரத்தான சான்று, சாமான் பட்டியல் ஆகியவற்றைத் தரகர் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அத்தானை நேரில் வரவழைத்துச் சில கேள்விகள் கேட்டார்கள். உட்கார நாற்காலி கொடுத்தார்கள். ரசீது இல்லாத பணம் எதையும் அங்கே யாரும் கேட்கவில்லை. ஊரில் எல்லாரும் முதலில் விசாரிப்பது அதைத்தான் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

பரிசோதனை சரக்கு நிலையத்தில் நடந்தது. முத்திரைப் பூட்டின் எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டு நீண்ட கைப்பிடி வெட்டியால் அதைத் துண்டித்தார்கள். கதவு திறந்ததும் நாஃப்தலின் உருண்டை வாசம் அடித்தது. எல்லாப் பெட்டிகளையும் பிரிக்கவில்லை. அக்கா ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டு, உள்ளே என்ன இருக்கிறது, எந்த ஆண்டு வாங்கியது, இப்போது என்ன பெறும் என்று பட்டியலில் எழுதியிருந்தார். பரிசோதிக்க வந்த அம்மா அதிகாரி அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமக்குத் தோன்றிய எண்களைச் சொல்லச் சொல்ல, ஆட்கள் அவற்றை மட்டும் இறக்கிப் பிரித்தார்கள். சொன்னதும் உள்ளே இருந்ததும் நாலைந்து பெட்டிகளில் ஒத்துப்போனவுடன் மற்றவற்றை விட்டுவிட்டார். ‘வீட்டுச் சாமான், 60 பெட்டி’ என்று மொத்தமாக எழுதி அனுப்பியிருந்த பக்கத்துக் கன்டெய்னர்க்காரருடைய மூட்டைகள் எல்லாம் அந்த நேரத்தில் தரையில் பரந்து கிடந்தன.

அதிகாரி நின்று பார்த்தது தேக்கு ஊஞ்சலை. காரைக்குடியில் வாங்கி மஸ்கட்டுக்குக் கொண்டுபோன பலகை அது. கப்பலேற்றும் முன் மெருகு போட்டிருந்ததால் புத்தம் புதிதாக மின்னியது. “இது புதுசு மாதிரி இருக்கே, பில் இருக்கா?” என்று கேட்டார். அத்தான் பதில் சொல்வதற்குள் அவரே குனிந்து, சங்கிலி மாட்டும் துளையின் விளிம்பில் விரலை வைத்தார். பித்தளைக் கொக்கி பல ஆண்டுகளாக உராய்ந்து, துளை மேல்புறம் நீண்டு தேய்ந்திருந்தது. மெருகு அந்தப் பள்ளத்துக்குள் போகவில்லை. பழையது என்று குறித்துக்கொண்டு நகர்ந்தார். ஆனாலும் அனுப்பும் முன் மெருகு போடுவதை இங்கே வந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணாடி மேசையை அடைத்திருந்த மரச்சட்டத்தையும் அவர் கவனித்தார். பதப்படுத்தாத கட்டையில் பூச்சி வந்துவிடும் என்பதால், சரக்கைச் சுற்றும் மரத்தை அதன் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கியோ, புகை மருந்து போட்டோ, கோதுமைக் கதிர் வடிவ முத்திரை பதித்திருக்க வேண்டும் என்பது உலகளாவிய நெறி, ஐ.எஸ்.பி.எம். 15 என்பது அதன் பெயர். எங்கள் சட்டத்தில் முத்திரை இருந்தது. ஒட்டுப்பலகைப் பெட்டிக்கு இது வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று கடைவீதிப் பலகையில் ஆசாரியை வைத்துச் சட்டம் அடித்தால் இங்கே பயிர்த் தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்கும் அலைய நேரும்.

மரச்சாமான்கள் அனைத்தும் வரியின்றி வந்தன. வரி விழுந்தது குளிர்பெட்டிக்கு மட்டும்தான். 300 லிட்டருக்கு மேற்பட்ட குளிர்பெட்டியும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் அந்த விதிகளின் வரியில்லாப் பட்டியலில் சேராதவை. குடியிருப்பு மாற்றுவோர் அவற்றுக்கு 15 விழுக்காடும், அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வரியுமாக 16.5 விழுக்காடு கட்ட வேண்டியிருந்தது. சலானைக் கட்டியதும் பொருளை விட்டுவிட்டார்கள்.

பிறகு வந்தது முகவரின் பில். டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுக்க முகவர் தரும் அனுமதிச் சீட்டு) கட்டணம், முனையக் கையாளுதல், ஆவணக் கட்டணம், கன்டெய்னர் கழுவும் கட்டணம், இவை ஒவ்வொன்றின் மேலும் ஜி.எஸ்.டி. கழுவும் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். காலிக் கன்டெய்னரைத் துடைப்பத்தால் பெருக்கியதோடு சரி, தண்ணீரை நான் பார்க்கவில்லை. பெயர்த் திருத்தத்தால் தாமதித்த நாட்களுக்குச் சரக்கு நிலைய வாடகை தனி, கன்டெய்னரைத் திருப்பித் தராத நாட்களுக்குக் கப்பல் நிறுவன வாடகை தனி. எல்லாம் சேர்ந்து குளிர்பெட்டிக்குக் கட்டிய வரியைப் போலப் பல மடங்கு ஆயின. கன்டெய்னரைப் பிறரோடு பங்கிட்டுக்கொண்டால் மலிவு என்று வளைகுடாவில் பலர் சொல்வார்கள். கப்பல் கூலியைக் கிட்டத்தட்ட இலவசமாகக் காட்டிவிட்டு, அதைச் சென்னைக் கட்டணங்களில் வசூலிப்பது அந்த வகையில்தான் அதிகம். ஆகவே அனுப்பும் ஊரிலேயே சென்னைப் பக்கத்துக் கட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தர மறுக்கும் முகவரை விட்டுவிடலாம்.

நகருக்குள் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால் கன்டெய்னரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் எண்ணத்தைக் கைவிட்டு, நிலையத்திலேயே சிறிய லாரி இரண்டில் மாற்றி ஏற்றினோம். லோடுமேன்களுக்கான கூலியைப் பேசி முடித்த பிறகே கதவைத் திறக்கச் சொன்னது நல்லதாயிற்று.

அந்த வேலையினூடே என் சொந்தக் கேள்வி ஒன்றையும் தரகரிடம் கேட்டேன். எங்கள் அம்மாவுக்காகச் சிங்கப்பூரில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டில் ஒன்று பார்த்து வைத்திருந்தேன். நான் வந்துபோகும் விருந்தாளி. குடியிருப்பு மாற்றும் சலுகை எனக்கு இல்லை. விமானப் பயணிக்கு அப்போதிருந்த 50,000 ரூபாய் வரிச் சலுகை உடன் கொண்டுவரும் பொருளுக்கே சென்றது, துணையில்லாப் பொதிக்குச் செல்லாது. அதற்கு அப்போது 35 விழுக்காடு வரியும் கூடுதல் வரியுமாக 38.5 விழுக்காடு. கடையிலிருந்து நேரே புதிதாக அனுப்பினால் அது பொதியே அன்று, இறக்குமதி. மரச்சாமான்களுக்கான அடிப்படை வரி 2020இல் 25 விழுக்காடாக உயர்ந்து, அப்போதும் அப்படியே இருந்தது. அதன் மேல் கூடுதல் வரி, எல்லாவற்றின் மேலும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று கூட்டினால் நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பது ரூபாய்க்குக் குறையாமல் வரி வந்தது. முகவரின் பில்லையும் மனத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் அதே வகைக் கட்டிலைச் சென்னையிலேயே மருத்துவ உபகரணக் கடை ஒன்றில் வாங்கினேன். மாலையே கொண்டுவந்து பூட்டிக் கொடுத்துவிட்டார்கள்.