வேரூன்றிய நொதியா, கொழுப்பில் செருகிய நொதியா?

சிறுகுடல் செல்லின் நுனிச் சவ்வில் இரண்டு நொதிகளைப் பார்ப்போம். சர்க்கரையை உடைக்கும் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் ஒன்று. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஏஎல்பி' என்று வரும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் இன்னொன்று.

முதலாவதன் புரதச் சங்கிலியே, N முனைக்கு (சங்கிலி தொடங்கும் அமினோ முனை) அருகில், சவ்வை ஊடுருவி நிற்கிறது. அதைக் கழற்றப் புரதத்தைத்தான் வெட்ட வேண்டும். பப்பாளிப் பாலில் உள்ள பாப்பெய்ன் அதைச் செய்துவிடும். வேர் சவ்விலேயே தங்கிவிடும்.

ஏஎல்பி கதை வேறு. அதன் புரதம் சவ்வுக்குள் நுழைவதே இல்லை. C முனையில் (புரதச் சங்கிலி முடியும் இடம்) ஒரு சர்க்கரைச் சங்கிலி, அதன் அடியில் ஒரு கொழுப்பு. அந்தக் கொழுப்பு மட்டும் சவ்வின் வெளிப்பக்க அடுக்கில் செருகியிருக்கும். ஜிபிஐ (கிளைகோசில்பாஸ்பாட்டிடைல்இனோசிட்டால்) நங்கூரம் என்பது இதுதான். பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவின் பாஸ்போலிப்பேஸ் சி (பாஸ்பேட் கொண்ட கொழுப்பை வெட்டும் நொதி) ஏஎல்பியை விடுவிப்பதை 1976இல் இகெசாவா குழு காட்டியது. அது நங்கூரத்தில் பாஸ்பேட்டுக்கும் கிளிசராலுக்கும் இடையே வெட்டும். கொழுப்புப் பகுதியான டைஅசைல்கிளிசரால் சவ்வில் மிஞ்சும், ஏஎல்பி முழுசாக வெளியேறும்.

எது எதுவென்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்புப் பொருள். பனிக்கட்டியில் தெளிவாக இருக்கும் கரைசல், 30 டிகிரி செல்சியஸில் பால்போலக் கலங்கி, சோப்புப் பக்கம், தண்ணீர்ப் பக்கம் என இரண்டாகப் பிரியும். ஏஎல்பி சோப்புப் பக்கம் போகும். பாஸ்போலிப்பேஸ் சி வெட்டியபின் அதே ஏஎல்பி தண்ணீர்ப் பக்கம் வந்துவிடும். சுக்ரேஸ்-ஐசோமால்டேஸோ, பாஸ்போலிப்பேஸ் சி எவ்வளவு ஊற்றினாலும் சோப்புப் பக்கத்திலிருந்து இடம் மாறாது.