பெயரைத் தேடினால் கிடைக்காத ரங்காராவ்

பழைய தெலுங்குப் படங்களை மட்டுமே வழங்கும் ஓர் இணையச் சேவையில் சென்ற மாதம் 99 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். எஸ்.வி. ரங்காராவின் திரைவாழ்வை ஆண்டு வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எதுவும் இருக்கவில்லை. தமிழ் ரசிகர்களுக்கு அவர் 'படிக்காத மேதை'யில் 'எங்கிருந்தோ வந்தான்' பாடிக் கலங்கவைத்த பெரியவர். 'நானும் ஒரு பெண்'ணின் ஜமீன்தார் மாமனார். 'கல்யாண சமையல் சாதம்' பாடிய கடோத்கஜன். கிருஷ்ணா மாவட்டத்து நூஜிவீட்டில் 1918இல் பிறந்த அந்த மனிதர் தம் தாய்மொழியில் செய்தவற்றை நான் முறையாகப் பார்த்ததில்லை என்ற குறை நெடுநாளாக இருந்தது.

தேடுபெட்டியில் அவர் பெயரை இட்டதும் வந்தவை நான்கே படங்கள். சேவையில் இருப்பவை அவ்வளவுதான் என்று முதலில் நம்பிவிட்டேன். பிறகு ஒவ்வொரு படத்தின் பெயரையும் தனித்தனியாக இட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: படங்கள் இருக்கின்றன, ஆனால் விவரப்பகுதி கதாநாயகன், கதாநாயகி, இயக்குநர் ஆகிய மூவரோடு நின்றுவிடுகிறது. என்.டி. ராமாராவின் ரசிகருக்கோ நாகேசுவர ராவின் ரசிகருக்கோ இதனால் நட்டமில்லை. வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் மந்திரவாதியாகவும் தந்தையாகவும் அரக்கனாகவும் வந்துபோன ஒரு குணச்சித்திர நடிகரின் உழைப்பு மட்டும் பிறர் பெயர்களுக்கு அடியில் புதைந்துபோகிறது. கடைசியில் ஒரு தாளில் ஆண்டுவாரியாகப் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டுதான் பார்க்க முடிந்தது.

அவருடைய முதல் படமான 'வரூதினி' இங்கே இல்லை. அந்தப் படம் ஓடாததால் அவர் ஜம்ஷெட்பூரில் டாடா நிறுவனத்தில் வேலைக்குப் போய்விட்டவர் என்பதை நினைத்தால், இந்த இடைவெளியில் ஒரு பொருத்தமும் தெரிகிறது. எனவே என் வரிசை 1951இல், விஜயா நிறுவனத்துக்காக கே.வி. ரெட்டி இயக்கிய 'பாதாள பைரவி'யில் தொடங்கியது. நேபாள மாந்திரீகனாக வரும் ரங்காராவுக்கு அப்போது வயது 32. தாடியும் கோலும் ஒப்பனைக்காரர் தந்தவை. சொல்லின் கடைசி அசையை இழுத்து, எதிரில் நிற்பவன் மயங்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே கண்ணை அசைக்கும் அந்த நிதானம் அவருடையது. இங்கேதான் சேவையின் அடுத்த குறை உறுத்துகிறது. படச்சுருளின் இரைச்சலை நீக்குகிறோம் என்று ஒலியைச் சுரண்டியிருக்கிறார்கள் போலும். அவர் குரலைத் தாழ்த்தும் இடங்களில் பாதிச் சொற்கள் காதில் விழுவதில்லை. உரக்கப் பேசும் நடிகர்களுக்கு இந்தச் சுத்திகரிப்பு தீங்கு செய்யாது. ரங்காராவின் நடிப்பில் பாதி அந்தத் தாழ்ந்த குரலில் இருக்கிறது.

'மிஸ்ஸம்மா'வின் படப்பதிவு நன்றாக இருக்கிறது. அதில் நாயகனான ராமாராவைவிட ஐந்தே வயது மூத்தவரான இவர், தொலைந்துபோன மகளின் தந்தையாக வருகிறார். நாற்காலியில் சாயும் விதத்திலேயே வயதைக் கூட்டிவிடுகிறார்.

1957இல் வந்த 'மாயாபஜார்' இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது: மூலக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, 2010இல் வண்ணமேற்றி வெளியிட்டது மற்றொன்று. சேவை வண்ணப் படத்தையே முன்னால் வைக்கிறது. நான் கறுப்பு வெள்ளையையே பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லே ஒளியையும் நிழலையும் கொண்டு அமைத்த ஆழம் வண்ணத்தில் தட்டையாகிவிடுகிறது. விருந்துப் பாட்டை அனைவரும் அறிவோம். நான் இம்முறை திரும்பத் திரும்பப் பார்த்தது, ரங்காராவ் திரையிலேயே இல்லாத காட்சிகளை. கடோத்கஜன் கதாநாயகி சசிரேகையாக உருமாறியபின், அந்த வேடத்தில் வரும் சாவித்திரி ரங்காராவின் நடையையும் தோள் நிமிர்வையும் கர்வப் பார்வையையும் தம் உடலில் வாங்கி நடிக்கிறார். ஒருவரின் பாணி எவ்வளவு தெளிவானது என்பதற்கு, இன்னொருவர் உடலிலும் அது உடனே அடையாளம் தெரிகிறது என்பதைவிட நல்ல சான்று கிடையாது. தமிழ் வடிவத்திலும் இவ்விருவரும் உண்டு என்பதால், தெலுங்கு அறியாதவர்கள் அதையே பார்த்து இதைச் சரிபார்க்கலாம்.

'நர்த்தனசாலா' 1963இல் கமலாகர காமேசுவர ராவ் இயக்கத்தில் வந்தது. கீசகனாக நடித்ததற்காக ஜகார்த்தாவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் ரங்காராவுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கீசகனை வெறும் காமுகனாக அவர் காட்டவில்லை. விராட நாடே தன் தோள்வலியில் நிற்கிறது என்று நம்பும் ஒருவனுக்கு மறுப்பு என்ற சொல்லே புரியாமல் போகும் திகைப்பை முகத்தில் கொண்டுவருகிறார். ஆனால் தெலுங்குப் புராணப் படங்களின் உயிரான, பத்தியங்கள் எனப்படும் செய்யுள்கள் தொடங்கியவுடன் ஆங்கில வசன வரி மறைந்துவிடுகிறது. தமிழ் வரிகள் எந்தப் படத்துக்கும் இல்லை. இரணியனாக அவர் நடித்த 1967ஆம் ஆண்டின் 'பக்த பிரகலாதா'விலும் இதே கதைதான், என்றாலும் மகனைக் கொல்லச் சொல்லும் வாயும் கலங்கும் கண்ணும் ஒரே முகத்தில் நிற்கும்போது மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அவரே இயக்கிய 'சதரங்கம்', 'பாந்தவ்யாலு' இரண்டும் தொகுப்பில் இல்லாதது எனக்குப் பெரிய ஏமாற்றம். முதுமைப் பாத்திரங்களுக்கு உதாரணமாக 'தாத்தா மனவடு' இருக்கிறது. 1974 ஜூலையில் சென்னையில் காலமானபோது அவருக்கு 56 வயதுதான். அந்தத் தாத்தாவைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள்.

தெலுங்கு ஓரளவு புரிபவர்கள், படப்பெயர்களை முன்னரே குறித்துக்கொண்டு சேர்ந்தால் 99 ரூபாய்க்கு மோசமில்லை. மற்றவர்கள் காத்திருக்கலாம். நான் எழுதி வைத்த பட்டியலை வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பி, இவற்றில் எல்லாம் ரங்காராவ் பெயரைச் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டேன். பத்து நாள் கழித்துத் தேடியபோது நான்கு என்பது ஐந்தாகியிருந்தது. புதிதாகச் சேர்ந்தது 'நர்த்தனசாலா'.