3,400 யூரோ போச்சு: சூரிய நேரம் காட்டும் பிரெஞ்சுக் கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

பெட்டி வந்து ஒன்பது நாள். போன பணம் 3,400 யூரோ. பழம்பொருள் ஏலம் நடத்தும் ஓர் இணையதளம், விற்றவர் பாரிஸ் பக்கம். பெயர் போடவில்லை. வாங்குமுன் பார்க்கவேண்டிய பத்து விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஏமாற்று எந்த இடத்தில் நடந்தது என்று பாருங்கள்.

பொருள், 19ஆம் நூற்றாண்டுக் கறுப்புப் பளிங்கு மேன்டல் கிளாக், அதாவது கணப்படுப்பின் மேல்தட்டில் வைக்கும் கடிகாரம். மேலே மணி காட்டும் முகப்பு. கீழே நாட்காட்டி முகப்பு: தேதி, கிழமை, மாதம், நிலா, கூடவே ஒரு சமன்பாட்டு முள். பாரிஸ் கடிகாரக்காரர் அஷீல் ப்ரோகோ (1817–1878) அமைத்த வகை. விலையே அந்தக் கடைசி முள்ளுக்குத்தான். சூரியக் கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் நாம் கட்டியிருக்கும் வாட்ச் ஓடும் சராசரி நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டவேண்டும். நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 16 நிமிடத்துக்கு மேல் முந்தும்; பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்தும். பாரிஸ் ஊர்க் கடிகாரங்கள் 1816-இலேயே சராசரி நேரத்துக்கு மாறிவிட்டன. ஆகவே ப்ரோகோ காலத்தில் இது அவசியத்துக்கு வைத்த முள் இல்லை, வேலைப்பாட்டைக் காட்ட வைத்தது. அதனால்தான் இந்த விலை.

"முள் வேலை செய்கிறதா, படம் அனுப்புங்கள்" என்று கேட்டதற்கு, அன்று மாலையே படம் வந்தது. தேதி ஏப்ரல் 15, முள் சரியாக 0-இல். ஏப்ரல் 15-க்கு 0 தான் சரி! அந்த ஒரு படத்தை நம்பித்தான் 3,400 யூரோ போனது. வித்தியாசம் வருடத்தில் நாலு தடவை பூஜ்யத்தைத் தொடும்: ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 வாக்கில். செத்த முள்ளும் அந்த நாலு நாளில் சரியாகத்தான் இருக்கும். தேதியை அங்கே திருப்பி வைத்துப் படம் எடுத்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

வந்தது அக்டோபர் கடைசி. தேதியைச் சரிசெய்தால் முள் +16 அருகே போகவேண்டும். 0-இலேயே நின்றது. நாட்காட்டி முகப்பைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால், வருடத்துக்கு ஒரு சுற்று சுற்றும் சக்கரத்தின் அச்சு மொட்டையாக இருக்கிறது. அதில் முந்திரிப்பருப்பு மாதிரி இடுப்பு ஒடுங்கிய பித்தளைத் தட்டு ஒன்று உட்கார்ந்திருக்கவேண்டும். தொழிலில் அதற்குச் சிறுநீரகம் என்றே பெயர். அதன் விளிம்பில் ஒரு லீவரின் முனை உரசிப்போகும். லீவரின் மறுகோடியில் உள்ள பல்வரிசை முள்ளைத் திருப்பும். முனை விளிம்பை விட்டு விலகாமலிருக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங். தட்டு, லீவர், ஸ்பிரிங் மூன்றுமே இல்லை. லீவர் நின்ற இடத்தில் ஒரு வெற்றுத் துளை, உள்ளே பழைய எண்ணெய்க் கறை. முள்ளை ஒரு குச்சியில் இறுக்கிச் செருகி வைத்திருக்கிறார்கள்.

கேட்டேன். முதல் பதில்: "வழியில் குலுங்கியிருக்கும்." குலுங்கினால் பெண்டுலம் தொங்கும் ஸ்பிரிங் ஒடியும், பித்தளைத் தட்டு ஆவியாகாது. இரண்டாவது பதில்: "விளம்பரத்தில் சமன்பாட்டு முள் என்று போட்டேன், முள் இருக்கிறதே." மூன்றாவது: "நான் தனிநபர், வியாபாரி இல்லை, 14 நாள் திருப்பும் உரிமை கிடையாது." இணையதளமோ, பொருள் கைக்கு வந்த 3 நாளில் புகார் வரவில்லை, விற்றவருக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது என்று ஒரே கடிதத்தை நாலு தடவை அனுப்பிவிட்டது. இந்த மாதிரிக் கடிகாரத்தை மட்டம் பார்த்து வைத்து, டிக்-டாக் சமமாக ஒலிக்கச் செய்து, ஓட்டம் சீராகிறதா என்று பார்க்கவே மூன்று நாள் போய்விடும். நாட்காட்டிப் பக்கம் அதற்குப் பிறகுதான் போவார்கள்.

புதுத் தட்டு வெட்டினால் என்ன என்பீர்கள். வெட்டலாம், ஒரு நாளுக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகப் புள்ளி வைத்து வரையலாம். ஆனால் ஒரு நிமிடத்துக்கு விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் ஏறவேண்டும் என்பதைப் பழைய லீவரின் நீளமும் பல்வரிசையும்தான் சொல்லும். அதுவும் போயிற்று. டிசம்பர் கடைசியில் வித்தியாசம் நாளுக்கு அரை நிமிடம் மாறும். விளிம்பு அங்கேதான் செங்குத்து, கொஞ்சம் பிசகினாலும் முனை சிக்கி நிற்கும். ரிப்பேருக்கு 1,100 யூரோ கேட்கிறார்கள். 3,400-க்கு மேல் அது வேறு.

வாங்குகிறவர்கள் அவசரமாக இதையாவது செய்யுங்கள். படம் கேட்டால் பிப்ரவரி 11, நவம்பர் 3 இரண்டு தேதியிலும் கேளுங்கள். ஒரே காணொளியில் தேதி நகர முள்ளும் நகரவேண்டும். நாட்காட்டியின் பின்புறப் படம் இல்லாமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். எந்திரத்தில் அடித்த எண்ணும் பெண்டுலத்தில் அடித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பின்தகட்டில் அடியில் 5, 2 என்று பிரிந்த எண் இருந்தால் பழைய பிரெஞ்சு அளவில் 5 அங்குலம் 2 லைன் (லைன் என்பது அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு), கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர்ப் பெண்டுலம். நீளம் ஒத்துவராவிட்டால் அது எங்கிருந்தோ எடுத்து மாட்டியது. விற்பவர் வியாபாரியா தனிநபரா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள்.

பத்து என்று சொன்னேன். இப்போதைக்கு இவ்வளவுதான், இணையதளத்துக்கு ஐந்தாவது கடிதம் எழுதவேண்டும்.