பனியில் கார் சிக்கினால்: எஞ்சினா, மெழுகுவர்த்தியா, கம்பளியா?

2022 ஜனவரி தொடக்கத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை பனியால் ஸ்தம்பித்தது. செனட்டர் டிம் கெய்ன் 27 மணி நேரம் காரிலேயே கிடந்தார். ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து உள்ளே சூடாக்குவார். எஞ்சினை அணைத்துவிட்டுச் சற்றுத் தூங்குவார். குளிர் எடுத்ததும் மறுபடி போடுவார். அதே வாரத்தில் பாகிஸ்தானின் முர்ரி மலைச்சாலையில் சிக்கியவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிரோடு, எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் காரணம் என்றார்கள் அதிகாரிகள்.

பெட்ரோல் இருக்கும்வரை எஞ்சினை மிஞ்சும் சூடு வேறில்லை. ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கிப் போய் சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிப் போட வேண்டும். காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும். குழாய் அடைபட்டால் அந்த நச்சு வாயு காருக்குள் ஏறும். நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அடுத்து, பலரும் சிபாரிசு செய்யும் மெழுகுவர்த்தி. ஒரு சாதாரண மெழுகுவர்த்தி மணிக்கு ஆறேழு கிராம் மெழுகை எரிக்கும். அதில் கிடைப்பது சுமார் 80 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறது. பக்கத்தில் இன்னொருவர் ஒட்டி உட்கார்ந்தால் அது மெழுகுவர்த்தியை விட மேல்! வெளிச்சத்துக்கும், தகர டப்பாவில் பனியை உருக்கிக் குடிக்கவும் அது உதவும். சூட்டுக்கு அதை நம்பாதீர்கள்.

டாய்லெட் பேப்பர் உருளையை டப்பாவில் திணித்து ஆல்கஹால் ஊற்றிக் கொளுத்தும் முறையும் உண்டு. சூடு நிறையவே வரும். ஆனால் பகலில் அந்தச் சுவாலை சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. டப்பா கவிழ்ந்தால் எரியும் திரவம் சீட்டில் ஓடும். குழந்தைகள் இருக்கும் காரில் இதை நான் கொளுத்தவே மாட்டேன். பூட்டேன் அடுப்பு அதைவிட வீண்: பூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, கடுங்குளிரில் அது வாயுவாகவே மாறாது. எரிந்தாலும் மூடிய காருக்குள் மறுபடி கார்பன் மோனாக்சைடு பயம்தான்.

இரும்புத்தூள் அடைத்த ஹேண்ட் வார்மர் பொட்டலங்கள் நல்லவை. காற்று பட்டதும் இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து மணிக்கணக்கில் சூடு தரும், நெருப்பே வேண்டாம். கையுறைக்குள் வையுங்கள், வெறுந்தோலில் ஒட்டவிடாதீர்கள்.

என் தேர்வு கம்பளியும் ஸ்லீப்பிங் பேக்கும். உடல் விடும் அந்த 100 வாட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதே பாதி வேலை. எல்லோரும் பின்சீட்டில் ஒரே போர்வைக்குள் நெருக்கிக்கொள்ளுங்கள். கால்மிதியைக் கண்ணாடியில் சாத்துங்கள். செய்தித்தாளைக் கசக்கிச் சட்டைக்குள் திணியுங்கள். மின்சாரக் கார் என்றால் கேபின் ஹீட்டரைக் குறைத்து, சீட் ஹீட்டரைப் போடுங்கள். அது தின்னும் மின்சாரம் மிகக் குறைவு, புகையும் இல்லை.

டொராண்டோவிலிருந்து மொன்றியலுக்கு 401 நெடுஞ்சாலையில் குளிர்காலத்தில் போய்வரும் நம்மவர்கள் டிக்கியில் இரண்டு கம்பளி, ஒரு சிறு மண்வெட்டி, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் போட்டு வையுங்கள். எஞ்சின் ஓடும்போது யாருக்காவது தலைவலியோ குமட்டலோ அசாதாரணத் தூக்கமோ வந்தால் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே எஞ்சினை அணைத்து, கதவுகளைத் திறந்து, அவசர உதவியை அழையுங்கள்.